சாம்பலுக்குக் கீழே

திண்டிவனம் பக்கம் நெல் மில் வைத்தவர்களில் மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான் ஒருவன்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனாலும் பாய்லர் சத்தத்தைக் கேட்டே உள்ளே எவ்வளவு ஆவி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். படித்த இன்ஜினியர் மீட்டரைத்தான் பார்ப்பார்.

நெல் அவிக்க உமியை எரிப்போம். அந்தச் சாம்பலை மில்லுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் கொட்டுவோம். காற்றடித்தால் அது பறந்து வந்து களத்தில் காயும் நெல்லின் மேல் படியும். தினமும் அதன் மேல் தண்ணீர் தெளிக்கச் சொன்னது என் யோசனை. மேல்பக்கம் இறுகி, சாணம் மெழுகிய வாசல் மாதிரி ஆகிவிட்டது. மற்ற மில்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய் அப்படியே செய்தார்கள்.

தொண்ணூற்றெட்டு என்று நினைவு. உச்சிவெயில். களத்தில் நெல் கிளறப் பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்திலிருந்து ஒரு பெண் வருவாள். அவள் ஓட்டி வந்திருந்த ஆட்டுக்குட்டி சாம்பல் மேல் ஓடியது. எடையில்லாத குட்டி, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. அவள் திட்டிக்கொண்டே பின்னால் போனாள். நாலாவது அடியில் தரை உள்வாங்கியது.

புகை இல்லை. உடைந்த இடத்தில் உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. முழங்கால் வரை இறங்கிவிட்டாள். நரகம் என்பது செத்தபிறகு பார்ப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினேன். என் எதிரே நின்று பேசாத பாய்லர்காரர் அதைப் பிடுங்கி எறிந்தார்.

"தண்ணி வுட்டா ஆவி கெளம்பி ஆளயே அவிச்சிடும் மொதலாளி. பலகைய எடுங்க, ஜல்தி." பிறகு அவளிடம், "கைய ஊனாதம்மா. என்னயே பாத்துக்கினு நில்லு" என்றார்.

லாரிக்கு மூட்டை ஏற்றும் நீளப் பலகையைச் சாம்பலின் மேல் தள்ளினார்கள். அதில் குப்புறப்படுத்துப் போனவன் நான்தான். இளவட்டங்களெல்லாம் கரையில் நின்றார்கள், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பலகை அடியில் கருகும் வாசனை வந்தது. சாண் சாணாக நகர்ந்தேன். நகரும்போதெல்லாம் ஒரு பக்கம் அமுங்கியது. அவள் கத்தவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். பாய்லர்காரர் என் காலைப் பிடித்து இருவரையும் பின்னால் இழுத்தார்.

பிழைத்துக்கொண்டாள். இரண்டு காலும் வெந்து, இடது கால் விரல்கள் போய்விட்டன. இரண்டு வாரம் கழித்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். பலகையில் படுத்துப் போனதை அவள் புருஷனுக்கு விவரித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்:

"அடியில நெருப்பு இருக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா மொதலாளி?"

கொட்டிய உமிச்சாம்பல் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் என்பதை மில் வேலைக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டவன் நான். தெரியும் என்றேன்.

"ஒரு கயித்தயாவது குறுக்க கட்டி வெச்சிருக்கலாம்" என்றாள்.

புருஷன் ஆப்பிள் பையை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தான்.