தங்கப் பூச்சின் கீழே தார்

குருநகர் கரையில் எமில்ராஜ் என்று கேட்டால், வள்ளத்து எஞ்சின் திருத்துகிற எமில்ராஜைக் காட்டுவார்கள். அச்சுவேலியிலோ கரவெட்டியிலோ கேட்டால் அதே மனிதரைக் கிராமபோன் பார்க்கிறவர் என்பார்கள். பழைய குழல் வைத்த கிராமபோன் ஒன்று எங்காவது தலைகாட்டினால் விற்கிறவனும் வாங்குகிறவனும் இவருக்குத்தான் போன் அடிப்பார்கள். மனிதர் வருவார், பார்ப்பார், உள்ளதைச் சொல்வார், ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவார். தான் பார்த்த சாமானைத் தான் எடுப்பதில்லை. அதனால்தான் அவர் சொல்லுக்கு அப்படியொரு மதிப்பு.

எஞ்சின் வேலையைப் போட்டுவிட்டு இந்த மனிதர் ஏன் இப்படி ஓடித்திரிகிறார் என்பது மனைவி றொசாந்தியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவர் தேடியது ஒரேயொரு குழலை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் சனமெல்லாம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது எமில்ராஜுக்குப் பதினேழு வயது. சைக்கிள் கரியரில் தகப்பன் மரியரட்ணத்தின் கிராமபோன் பெட்டி, ஹாண்டிலில் அதன் தகரக் குழல். நிற்க இடமில்லாத சனம். குழலின் வாய் ஒருவரின் முதுகில் இடித்தது, இன்னொருவரின் பிள்ளைக்குத் தலையில் பட்டது. ஆளாளுக்கு ஏசினார்கள். பொறுத்துப் பார்த்தவர், பொறுக்கமாட்டாமல் குழலைக் கழற்றி றோட்டோரம் வைத்துவிட்டு நடந்தார்.

"குழல் எங்கையடா?" என்று சாவகச்சேரியில் வைத்துத் தகப்பன் கேட்டார்.

"கோயிலிலை குடுத்து வைச்சிருக்கிறன் அப்பா."

மரியரட்ணம் அதை நம்பினார். நம்பியபடியே மூன்று மாதத்தில் காய்ச்சலில் செத்தும் போனார். அந்தப் பொய்யை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மகன் கிடந்தார்.

ஊர் திரும்பிய பிறகு, எந்த வீட்டில் குழல் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் போய்ப் பார்த்தார். பார்த்துப் பார்த்தே வேலை பிடிபட்டது. கூட்டல் குறி போட்ட தலையுள்ள திருகாணி இருந்தால் அந்த இடத்தில் பிறகு கை வைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பலகை உண்மை சொல்லும்: பழைய துளையை அடைத்துப் புதுத் துளை போட்டிருந்தால் பாகம் மாறியிருக்கிறது. பளபளவென்று மின்னுகிற பித்தளைக் குழல் என்றால் முக்கால்வாசியும் சுற்றுலாக்காரருக்கென்று புதிதாய்ச் செய்ததுதான். இப்படி இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ குழல் பார்த்தார். ஒன்றும் அவருடையதில்லை.

போன மாசி மாதம் ஜெயசுதன் கூப்பிட்டான். ரவுணில் வெள்ளைக்காரர் தங்குகிற விடுதி வைத்திருப்பவன். வரவேற்பறையில் வைக்க அசல் கிராமபோன் ஒன்று வேண்டுமாம், கரவெட்டியில் ஒன்று இருக்கிறதாம். தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனான்.

வீட்டுக்காரி உதயகலா, கணவன் கதிரவேலு செத்து இரண்டு வருடம். அடுத்த மாதம் கனடாவுக்கு மகளிடம் போகிறாள், வீட்டைப் பூட்டப் போகிறாள். கிராமபோனை மேசையில் துடைத்து வைத்திருந்தாள்.

எமில்ராஜ் முதலில் பெட்டியைக் கவிழ்த்தார். பலகை பழையது, துளை மாறவில்லை. சாவி கொடுத்துக் காதை வைத்துக் கேட்டார். சுருள்வில் இழுக்காமல் ஓடியது. ஊசி மாட்டும் தலையில் அப்பிரகத் தகடு வெடிப்பில்லாமல் இருந்தது. ஜெயசுதனுக்கு வாயெல்லாம் பல். கடைசியாகக் குழல். தங்கநிறப் பூச்சு. காந்தத்தை வைத்தார், ஒட்டியது.

"உது பித்தளை இல்லை, தகரம். இந்த மிசினின்ரை குழலும் இல்லை. கழுத்து இதுக்குப் பொருந்தேல்லை, தகரத்தை வெட்டிச் சுத்தி இறுக்கியிருக்கினம்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேறொருவன் என்றால் வாயை மூடிக்கொண்டு போய், அடுத்த கிழமை தனியே வந்து கேட்டு வாங்கியிருப்பான். பேரும் தப்பியிருக்கும், குழலும் கிடைத்திருக்கும். ஆனால் அதே நேரம் குழலின் விளிம்பில் பூச்சுக் கழன்ற இடத்தை எமில்ராஜ் கண்டுவிட்டார். உள்ளே கறுப்பாக இருந்தது. அந்த இடத்தை விரலால் தடவினார்.

"அப்ப ஆற்றை குழல் உது?" என்று கேட்டான் ஜெயசுதன்.

"எங்கடை அப்பாவின்ரை."

எமில்ராஜ் குழலை உதயகலாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

"அக்கா, ஒரு கத்தி எடுத்து நீங்களே சுரண்டுங்கோ. முதல் தார் வரும். தாருக்குக் கீழை பச்சை, அதுக்குக் கீழை வெள்ளை, அடியிலை நீலம். உப்புக்காத்து தகரத்தைத் தின்னும் எண்டு, ஒவ்வொரு வருசமும் யாகப்பர் பெருநாளுக்கு முந்தி வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ரை அப்பா குழலுக்கும் அடிப்பார். கடைசியிலை சண்டையாலை பெயின்ற் வரத் தடை. தாரைப் பூசினவர்."

உதயகலா மீன் வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து சுரண்டினாள். தார் வந்தது. பச்சை வந்தது. வெள்ளை வந்தது. நீலம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டாள்.

ஜெயசுதன் மட்டும் சிரித்தான். "நல்லாப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறியள் அண்ணை. முந்தியே வந்து சுரண்டிப் பாத்திட்டுப் போனதோ?"

"இந்தத் தம்பி இந்த வளவுக்கை காலடி வைச்சதே இண்டைக்குத்தான்" என்றாள் உதயகலா.

"நீங்கள் இல்லாத நேரம் பாத்து வந்திருப்பார். குழல் பிழை எண்டு சொன்னால்தானே நான் விட்டிட்டுப் போவன், இவர் எடுக்கலாம்." அவன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

உதயகலா குழலைத் தூக்கி எமில்ராஜிடம் நீட்டினாள். "என்ரை மனுசன் சந்தையிலை பழைய சாமான் விக்கிறவனிட்டை வாங்கினவர். ஆற்றையோ வீட்டுச் சாமானாயிருக்கும் எண்டு நாங்கள் யோசிக்கேல்லை. கொண்டு போங்கோ தம்பி. பெட்டியையும் வேணுமெண்டால் எடுங்கோ."

"பெட்டி வேண்டாம் அக்கா."

கைநீட்டி வாங்கினால் ஜெயசுதன் சொன்னது உண்மையாகிவிடும். பார்க்க வந்த சாமானைப் பிழை சொல்லித் தூக்கிக்கொண்டு போனவன் என்ற பேர் சாகும்வரைக்கும் போகாது. வாங்காமல் விட்டால், வீடு பூட்டுகிற அன்றைக்கு அது பழைய இரும்போடு போய்விடும். எமில்ராஜ் நெடுநேரம் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கும்போது அழுதார். ஓட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஜெயசுதன் சும்மா இருப்பானா? ஒரு கிழமைக்குள் ரவுண் முழுக்கக் கதை பரவிவிட்டது. அச்சுவேலியில் கிராமபோன் பார்க்க வரச்சொல்லியிருந்த ஒரு ஆள், கொழும்பிலிருந்து வேறு யாரையோ கூப்பிடப் போவதாகச் சொன்னான். கரையில் பெடியள், "அண்ணை, எங்கடை எஞ்சினையும் பிழை எண்டு சொல்லி எடுத்துப்போடாதையுங்கோ" என்று பகிடி விட்டார்கள். பங்குனி முழுவதும் கிராமபோன் என்று ஒரு அழைப்பும் வரவில்லை.

றொசாந்திக்குத்தான் மனம் ஆறவில்லை. "இருபத்தைஞ்சு வருசத்துப் பேர். அவன் ஒருத்தன் கதைக்கிறதுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கிறியள். போய் நாலு பேருக்கு உண்மையைச் சொன்னாலென்ன?"

எமில்ராஜ் தகப்பனின் பெட்டியில் குழலைப் பொருத்தி, திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொன்னனான் தானே. அதாலைதான் பேர் போனது" என்றார்.