மகள் எந்தப் பரீட்சை எழுதுவது?

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறேன். எம்.காம் முடித்த என் மகள் ஒருநாள் கேட்டாள்.

"அப்பா, ரெண்டு பரீட்சை இருக்கு. ஒண்ணு எழுதினா மியூச்சுவல் ஃபண்டு விக்கலாம், கம்பெனி கமிஷன் தரும். இன்னொண்ணு, எதுல பணம் போடலாம்னு யோசனை சொல்றதுக்கு. கேக்க வர்றவங்கதான் ஃபீஸ் தரணும். எதை எழுதட்டும்?"

"யோசனைக்கு எவன் ஆத்தா காசு குடுப்பான்? விக்கிறதையே எழுது" என்றேன்.

மறுநாள் குரங்கணி விவசாயி ஒருவர் மூட்டையோடு வந்தார். சல்லடையில் போட்டுப் பார்த்தேன். நல்ல பருத்த காய். முதலாளி குறைத்து ஒரு விலை சொல்லிவிட்டு, ஃபோன் பேச வெளியே போனார்.

விவசாயி என் பக்கம் குனிந்தார். "அண்ணே, இங்கயே போட்டுரவா, ஏலம் விடுற எடத்துக்குக் கொண்டு போகவா? வருசம் பூரா பட்ட பாடு."

ஏலத்தில் கூடுதலாகப் போகும் என்று எனக்குத் தெரியும். "மொதலாளியவே கேட்டுக்கங்க" என்றேன்.

"அவரு வாங்குறவரு. அவருகிட்ட போயி இதை எப்படிண்ணே கேக்க?"

நான் சம்பளக்காரன். சல்லடையை ஆட்டத் தொடங்கினேன். முதலாளி சொன்ன விலைக்கே காயைப் போட்டுவிட்டுப் போனார் அவர்.

வீட்டில் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "ரெண்டாவதையே எழுது, ஆத்தா."

"யாருப்பா காசு குடுப்பா?"

"அந்த மனுசன் குடுத்திருப்பாரு."

இப்போது அவள் அதற்குத்தான் படிக்கிறாள். அந்த விவசாயி கடை வாசலில் தென்பட்டால், நான் இன்னமும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.