சுண்ணாம்புக்காரரின் சோயா

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புக் குழியே கதியென்று இருபது வருஷத்துக்கு மேல் கிடந்த தானியேலுக்கு ஒரே ஒரு ஆசை. சொந்த நிலத்தில் பயிர் பச்சையாக நிற்க வேண்டும். அதைப் பார்க்க மனைவி கிறிஸ்டினா வரப்பில் வந்து நிற்க வேண்டும். சின்ன ஆசைதான். ஆனால் பாலாற்றங்கரையில் மலிவாகக் கிடைத்ததே என்று அந்த ஒரு ஏக்கரை வாங்கிவிட்டு ஆசைப்பட்டார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

மலிவுக்குக் காரணம் ஊருக்கே தெரியும். தோல் கழுவிய தண்ணீர் பாய்ந்து பாய்ந்து மண் உப்பேறிக் கிடந்தது. வாங்கிய பணம் கிறிஸ்டினாவின் பி.எஃப். ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் முதுகு ஒடிய உட்கார்ந்து சேர்த்தது. அவள் அந்த நிலத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சோயா போடலாம், அதற்கு முன்னால் ஜிப்சம் போட்டு மண்ணைத் திருத்துங்கள் என்றார்கள் வேளாண்மை அலுவலகத்தில். தானியேல் தொழில்காரர் அல்லவா? ஜிப்சமும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. மாட்டுத்தோலையே மெத்தென்று ஆக்குகிற சுண்ணாம்புக்கு மண் எம்மாத்திரம் என்று நினைத்தார். டேனரி மேஸ்திரி மக்பூல் அகமதுவிடம் கேட்டு, குழியில் கழித்த சுண்ணாம்பை இலவசமாக அள்ளிவந்து கொட்டினார். தன் கை விரல்களை இத்தனை வருஷம் அரித்த சரக்கு அது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமே வரவில்லை.

அதோடு விட்டாரா? வாடகை டிராக்டரில் ரோட்டவேட்டரை மூன்று தரம் ஓட்டி மண்ணை முகப்பவுடராக்கினார். ஒரு மழை பெய்து காய்ந்ததும் நிலம் பலகையாக இறுகிவிட்டது. விதை உள்ளேயே அழுகியது. டீசலுக்குக் கொட்டிய காசும் அதோடு போயிற்று.

கிறிஸ்டினா சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: “இன்னும் ஒரு வருஷம் பாருங்க. பச்சையா இருந்தா கூப்டுங்க, வர்றேன். இல்லன்னா வித்துடலாம்.”

அடுத்த வருஷம் தானியேல் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாகிவிட்டார். நிஜமான ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்போடு வடித்துவிட்டார். பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, வளர்ந்ததும் மண்ணோடு மடக்கி மிதித்தார். ஒரே ஒரு உழவு. டிராக்டர் செலவு பாதிக்கு மேல் குறைந்தது. ஆடியில் சோயா விதைத்தார். முளைத்தது.

அதைப் பார்த்து மனிதர் அழுதே விட்டார். அன்றைக்கே அவளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஓரத்தில் இரண்டு இடம் உப்புப் பூத்துச் சொட்டையாகத் தெரிந்தது. அவள் கண்ணில் முதலில் அதுதானே படும்? கொஞ்சம் மூடட்டும் என்று இருந்தார். முழங்கால் உயரம் வந்ததும் பூக்கட்டும் என்று இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சிலிருந்து திரும்பும்போது அவள் முகத்தைப் பார்ப்பார். கூப்பிட வாய் வராது. வயலுக்குத் தனியாகப் போய், அவள் நிற்க வேண்டிய வரப்பைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் பக்கத்திலேயே இருக்கிறவளுக்காக இப்படி ஒரு ஏக்கம்.

திடீரென்று இலை பழுத்தது. ஒரே வாரத்தில் மொத்தமும் உதிர்ந்து குச்சி குச்சியாக நின்றது. உப்பு தின்றுவிட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவரிடம், பக்கத்து வயல் ரங்கம்மாள் வந்து, சோயா விளைந்தால் இலை கொட்டும், அறுக்க ஆள் தேடு என்றாள். விளைச்சல் பிழைத்தது. பச்சை போய்விட்டது. இனி எதைக் காட்டி கிறிஸ்டினாவைக் கூப்பிடுவது?

அறுப்பன்று சாப்பாட்டுத் தூக்கோடு அவளே வந்தாள். மொட்டைக் குச்சிகளுக்கு நடுவில் தானியேல் தலைகுனிந்து நின்றார். அவள் ஒரு காயை நசுக்கினாள். உள்ளங்கையில் மூன்று மணி உருண்டது.

“பச்சையா இருந்தப்ப ஏன் கூப்டல?”

“இன்னும் கொஞ்சம் பச்சையாவட்டும்னு இருந்துட்டேன்.”

செலவு போக மிச்சம் பெரிதாக இராது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவள் மணிகளை முந்தானையில் முடிந்துகொண்டு, செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு நிலத்தில் இறங்கினாள்.

“அடுத்த வருஷம் மொளைக்கும்போதே கூப்டுங்க.”