உள்ளங்கையில் மூன்று படங்கள்

வியர்த்த உள்ளங்கையில் பேனா முனை வழுக்கி ஓடும்போது ஒரு கூச்சம் எழுமே, ஏழு வயதில் எனக்கு அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. நெய்வேலி நகரியத்தில் அத்தா சுரங்கத்துக்கு ஷிஃப்டில் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. எனக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, கேட்டதை மனதில் நிறுத்துவது. "துணிய எடு, கதவச் சாத்து, தம்பிய எழுப்பு" என்று அம்மா சொன்னால், பின்னால் வந்த சொல் முன்னால் வந்ததைத் தள்ளிவிட, தம்பியை மட்டும் எழுப்பிவிட்டு நிற்பேன். தெருவில் விளையாட்டின் விதியைப் பாதியில் மாற்றினால், பழைய விதிப்படியே ஓடி "அவுட்" ஆவேன். "மக்கு" என்றார்கள், நானும் நம்பினேன்.

யாரும் சொல்லாமலே ஒரு வழி கண்டுபிடித்தேன். சொல்லச் சொல்ல உள்ளங்கையில் படமாக வரைந்துகொள்வேன். ஒரு வேலை முடிந்ததும் எச்சில் தொட்டு அந்தப் படத்தை அழிப்பேன்.

இரண்டாம் வகுப்பு முடியும் சமயம் டீச்சர் அம்மாவை வரவழைத்து, "இன்னொரு வருசம் இங்கியே இருக்கட்டுங்க. சொல்றது எதுவும் மண்டையில நிக்கல" என்றார்.

"எம்முன்னால ஒருவாட்டி சொல்லிப் பாருங்க டீச்சர்" என்றார் அம்மா.

டீச்சர் என் பக்கம் திரும்பி மடமடவென்று சொன்னார்: "ஜன்னலச் சாத்து, சாக்பீஸ் டப்பாவ அலமாரில வை, ஆபீஸ்ல போயி மணி கேட்டுக்கினு வா."

நான் நகரவில்லை.

"பாத்தீங்களா?"

மேசைமேல் கிடந்த அவருடைய பேனாவை எடுத்தேன். "மறுபடி" என்றேன். அவர் முகம் சுருங்கினாலும் சொன்னார், இம்முறை மெல்ல. ஜன்னல், டப்பா, கடிகாரம் என்று வரைந்துகொண்டு கிளம்பினேன்.

மூச்சு வாங்கத் திரும்பிவந்து, "பதினொண்ணே கால்" என்றேன். டீச்சர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். மூன்று படமும் அழிந்து நீலக் கறைதான் மிச்சம் இருந்தது. அந்தக் கறைக்காகத் தினமும் என்னைத் திட்டிய அம்மா என் கையை வாங்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.

நாங்கள் அன்று இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையை இப்போது இடித்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை. எனக்கு இங்கேயே ஓர் அலுவலகத்தில் "பெர்மனென்ட்" வேலை. போன மாதம் என் மகளின் டீச்சர் கூப்பிட்டனுப்பி, "சொன்னத எதுவும் முழுசா செய்ய மாட்டேங்குறா" என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் பதறவில்லை.

"ஒரே மூச்சுல எத்தன வேல சொன்னீங்க டீச்சர்?"

அவர் விரல்விட்டு எண்ணினார்.

"நாலு" என்றார்.