மஞ்சள் வைத்த பாஸ்போர்ட்

சிங்கப்பூரில் என் அலுவலகத்துக்குக் கீழே ஓர் உணவங்காடி இருக்கிறது. மதிய நேரத்தில் அங்கே இடம் பிடிக்க ஒரு வழக்கம் உண்டு. மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தையோ, கழுத்தில் மாட்டும் அலுவலக அடையாள அட்டையையோ வைத்துவிட்டு வரிசையில் நிற்கப் போய்விடுவார்கள். பத்து நிமிடம் கழித்து வந்தாலும் அட்டை அங்கேயே கிடக்கும், நாற்காலியும் காலியாக இருக்கும். வந்த புதிதில் இதை என்னால் நம்பவே முடியவில்லை. பெருங்களத்தூரில் எங்கள் வீட்டில் அடையாளச் சான்றுகள் பீரோ லாக்கரில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே மஞ்சப்பையில். அதைத் தொடுவதற்கு முன் அம்மா கை கழுவிக்கொள்வாள். ஆறு வருடமாகியும் என் அட்டையை மேசையில் விட்டுவிட்டு என்னால் நிம்மதியாக வரிசையில் நிற்க முடிவதில்லை.

அம்மாவின் கப்பல் ஆசை பழையது. நான் பள்ளியில் படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து கோவளம் கூட்டிப்போவார். மீன் ஏலம் முடிந்து படகுகளெல்லாம் மணலில் ஏறியிருக்கும். தொடுவானத்தில் எப்போதாவது ஒரு கப்பல் கோடு போல நிற்கும். "அதுல இருக்கறவங்களுக்கு நாம தெரிவோமா?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள். "உன் புடவைக் கலருக்கு இலங்கைக்கே தெரியும்" என்பார் அப்பா. ஒருமுறையாவது கப்பலிலிருந்து கரையைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா போன பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் நான்கு நாள் கப்பலில் இரண்டு இடம் பதிவு செய்தேன்.

நான் மென்பொருள் சோதிப்பவள். எதையும் பட்டியலாகப் போட்டால்தான் எனக்குக் கை ஓடும். அம்மாவின் பயணத்துக்குப் பதினொரு வரிசை போட்டேன். ஆதார் போதாது, பாஸ்போர்ட்தான் வேண்டும். பயணம் முடிந்தும் ஆறு மாதத்துக்கு அது செல்லுபடியாக வேண்டும். கப்பல் இங்கேயே கிளம்பி இங்கேயே திரும்பினாலும் சட்டப்படி அவள் நாட்டைவிட்டு வெளியேறியவள்தான், ஆகவே சிங்கப்பூர் விசா இரண்டாம் முறை நுழையவும் அனுமதிக்க வேண்டும். மலேசியாவுக்குத் தனியாக வருகைப் படிவம். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "எதிர் ஃப்ளாட் டீச்சர் மும்பைலேர்ந்து கோவாவுக்குக் கப்பல்ல போனாங்களே, ஆதார் மட்டும்தான் காட்டினாங்களாம்" என்றாள். அது உள்நாடு, இது வேறு என்றேன். புது பாஸ்போர்ட்டை ஸ்கேன் எடுக்க அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது நான் போனில் இருந்தேன். கடைக்காரர் குரல் தெளிவாகக் கேட்டது: "இன்னாக்கா, கப்பல்லயா போற? வாந்தி வரும்க்கா. எலுமிச்சம்பழம் எட்த்துகினு போ." வந்த ஸ்கேனைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பதினொரு வரிசையும் பச்சையாயின.

அம்மா வந்து இறங்கினாள். பாஸ்போர்ட் மேலட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள். புதுத் துணி, கல்யாணப் பத்திரிகை, புது நோட்டு எதுவானாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் எடுப்பதில்லை. "மெட்ராஸ் ஏர்போர்ட்ல அந்த ஆபீசர் பாத்துட்டு சிரிச்சாரு. நல்லபடியா போய்ட்டு வாங்கம்மான்னாரு" என்றாள் பெருமையாக. எனக்கும் சிரிப்பு வந்தது.

கப்பல் ஏறும் நாள் காலையில், இணையப் பதிவுக்காக பாஸ்போர்ட்டைப் புகைப்படப் பக்கம் மேலே தெரியும்படி மடக்கி மேசையில் வைத்திருந்தேன். அம்மா குளித்துவிட்டு வந்து, அதை அப்படியே சாமி படத்துக்கு முன்னால் எடுத்துப்போய் மஞ்சள் வைத்திருக்கிறாள். பிறகு மூடி என் கையில் கொடுத்தாள். நான் உறைக்குள் போட்டுக்கொண்டேன், திறந்து பார்க்கவில்லை. பட்டியலில் 'பாஸ்போர்ட் கையில்' என்றுதான் இருந்தது, 'பாஸ்போர்ட்டைத் திற' என்று இல்லை.

துறைமுகத்தில் கவுன்டர் பெண் அதைத் திறந்ததும் கை நின்றது. மஞ்சள் தண்ணீர் புகைப்படப் பக்கத்தின் பிளாஸ்டிக் பிலிமுக்கு அடியில் ஊறி, அம்மாவின் கன்னத்தில் தொடங்கி, இயந்திரம் படிக்கும் அந்த இரண்டு வரிகள்மேல் பரவியிருந்தது. மூன்று முறை ஸ்கேனரில் தேய்த்தாள். இயந்திரம் படிக்கவில்லை.

"ஆன்ட்டி, வாட்டர் ஆ?" என்று கறையைக் காட்டிக் கேட்டாள்.

"வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

மேற்பார்வையாளர் வந்தார். சேதமடைந்த பாஸ்போர்ட்டோடு ஏற்றினால் அடுத்த துறைமுகத்தில் கப்பல் நிறுவனம்தான் பொறுப்பேற்க வேண்டும், மன்னிக்கவும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இது சாமிக்கு வைத்தது என்று விளக்கினேன். "உணவா?" என்றார். மசாலா என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அம்மா அதற்குள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மஞ்சப்பையைத் திறந்துவிட்டாள். ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம். கவுன்டரில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். "இதுலயும் என் போட்டோதாம்மா. இதுலயும் நான்தான்." கடைசியாக அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் வைத்தாள். கவுன்டர் பெண் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அடுக்கி, "சாரி ஆன்ட்டி" என்று திருப்பிக் கொடுத்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. "போட்டோ மேலயே வெச்சிருக்கியேம்மா, பாக்க மாட்டியா?"

"மேலட்டைன்னு நெனச்சேன்டி."

"மேலட்டை கருநீலம். இது வெள்ளைக் காகிதம்."

அவள் சான்றுகளைத் திரும்ப மஞ்சப்பைக்குள் அடுக்கினாள். "கப்பல் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

கப்பல் எங்கள் இடப்பக்கத்தில், கண்ணாடிக்கு வெளியே, பத்து மாடி உயரத்துக்கு வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்கக் கேட்க மெல்லச் சொன்னாள்: கண் அழுத்த நோய். தாம்பரத்தில் ஒரு டாக்டர் ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டாராம். இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை போய்விட்டது, நேரே தெரிவதும் மங்கல்தான், போனது திரும்பாது. மீதியைக் காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து. இங்கே வந்த நாளாக அவள் குளியலறையில்தான் அதை விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவ. வந்து என்ன பண்ணுவ? அதுக்கும் ஒரு லிஸ்ட் போடுவ." சிரிக்கப் பார்த்தாள். "தெரியறப்பவே ஒரு தடவ பாத்துடலாம்னு வந்தேன்."

அவள் தலையை மெல்லத் திருப்பிப் பிடித்து, கப்பல் இருக்கும் பக்கம் காட்டினேன். "ஆமா, பெருசுதான்" என்றாள். கப்பல் நகர்ந்து கடலுக்குள் போகும்வரை, கரையிலிருந்தே பார்த்தோம்.

புது பாஸ்போர்ட் வரும்வரை இங்கே இருக்க அவளுக்கு விசா நாட்கள் இல்லை. தூதரகத்தில் அவசரப் பயணச் சான்று கொடுத்தார்கள். ஒரே ஒரு தாள். இந்தியாவுக்குத் திரும்பிப் போவதற்கு மட்டுமே செல்லும், வெளியே வர உதவாது. விமான நிலையத்தில் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் யார் மீதாவது இடித்துவிடுவோமோ என்று மெதுவாக நடந்து போனாள். புது பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று போனில் சொன்னால், "எதுக்குடி? பாத்தாச்சே" என்கிறாள். குரலில் வருத்தமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வாரம் என் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்தது. அம்மா விட்டுப்போன மஞ்சளைக் குழைத்து விரலில் எடுத்தேன். மேலட்டையின் மூலைவரை கொண்டுபோனேன். வைக்க முடியவில்லை. கையைக் கழுவிவிட்டேன். மறுநாள் மதியம் உணவங்காடியில், முதல் முறையாக என் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வரிசைக்குப் போனேன். அட்டையில் ஒரு கறையும் இல்லை. தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்தால், காலி நாற்காலிக்கு முன்னால் அட்டையிலிருந்த என் முகம் எனக்கு இடம் பிடித்துவைத்திருந்தது. நான் மஞ்சள் ஏறிய நகத்தை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன்.