பதினோரு நாள் தாமதம்

ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் செண்பகவல்லியின் பெயர் ஆறு வருஷமாகப் பென்சிலில்தான் இருந்தது. நிரந்தரமானவர்களுக்கு மை, தற்காலிகக்காரர்களுக்குப் பென்சில். சங்கரன்கோவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் பிச்சம்மாள் வைத்திருந்த வழக்கம் அது. தற்காலிகக்காரர் எந்த மாதமும் போய்விடலாம். அழித்துவிட்டு அடுத்த பெயரைப் போடத் தோதாக இருக்கும்.

செண்பகவல்லியை ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் வேலையிலிருந்து விடுவிப்பார்கள். ஜூனில் திரும்ப எடுப்பார்கள். பெரிய டீச்சர் புதுப் பதிவேட்டில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதுவார். மூன்றாம் வகுப்பு, அதே அறை, சாக்கட்டி உடைந்து கிடக்கும் அதே ஜன்னல் விளிம்பு. படிப்பில் குறையில்லை. யுத்த காலத்தில் கொழும்பிலிருந்து வந்து பாளையங்கோட்டை விடுதியில் தங்கிப் பயிற்சி முடித்தவள். அம்மா இறந்ததும் அப்பாவுக்குச் சோறு பொங்கத் திரும்பவும் கொழும்புக்குப் போனாள். குறை அங்கேதான் வந்தது.

அப்பா வைத்தியலிங்கம் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் கணக்குப் பிள்ளை. பிறந்த ஊர் சங்கரன்கோவில்தான், மேல ரத வீதி. இலங்கையில் புதுக் குடியுரிமைச் சட்டம் வந்தபின் கடை முதலாளி, காகிதம் இல்லாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். அது நாற்பத்தொன்பது கார்த்திகையில். ஒரு வாரத்தில் மூட்டை கட்டியிருக்கலாம். மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யாராவது வீடு மாறுவார்களா? தை பிறக்கட்டும் என்றார். தை பிறந்ததும் மூன்று நாள் கரிநாள். அப்புறம் மகளுக்குச் சந்திராஷ்டமம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், ஊரோ வடக்கே இருக்கிறது. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி, தை இருபத்து நாலு, திங்கட்கிழமை, கரை இறங்க நல்ல நாள் என்று குறித்தார். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, அதிகாரி குத்திய முத்திரையை ஊதி ஊதிக் காயவைத்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். 1950 பிப்ரவரி ஆறு.

அதற்குப் பதினோரு நாள் முன்னால், ஜனவரி இருபத்தாறில், இந்தியா குடியரசாகியிருந்தது.

இதன் அர்த்தம் ஆறு மாதம் கழித்துத் தாலுகா ஆபீசில்தான் தெரிந்தது. நிரந்தர வேலைக்கு இந்தியக் குடிமகள் என்று சான்று வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் கேட்டது. குமாஸ்தா நெல்லைநாயகம் மனுவைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஜனவரி இருபத்தாறு அன்னைக்கு நீங்க எங்கன இருந்திய?"

"கொழும்புல."

"அங்கன இந்தியத் தூதர் ஆபீசுல பேர் பதிஞ்சியளா?"

"இல்ல. ஊருக்குத்தான் வாரோமே, எதுக்குன்னு அப்பா சொல்லிட்டாக."

நெல்லைநாயகம் பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கு இங்கன குடியிருந்திருந்தா ஒரு வழக்கும் இல்ல. அதுக்குப் பொறவு வந்தவுகளுக்குப் பார்லிமென்டு தனியாச் சட்டம் போடணும். இன்னும் போடல."

"எப்பப் போடுவாக?"

"அதை என்ட்ட கேட்டா? ஒண்ணு செய்யுங்க. தேதியைக் கொஞ்சம் முன்னால தள்ளி எழுதிக் குடுங்க, நான் கண்டுக்கிடல."

பக்கத்தில் நின்ற வைத்தியலிங்கம் சட்டைப்பையிலிருந்து முத்திரைக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். பொய் எழுத அவருக்கு வராது. அவள் காகிதத்தைப் பார்த்தாள். முத்திரை நன்றாகக் காய்ந்திருந்தது, எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை.

வீட்டில் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பஞ்சாங்கம் மட்டும் ஆணியிலிருந்து இறங்கி டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

நிரந்தர வேலைக்கு வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அப்போது அவளுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. ஐந்து வருஷம் இருக்கிறது, ஒரு சட்டம் போட ஐந்து வருஷமா ஆகும் என்று அவள் நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

வைத்தியலிங்கம் தினமும் சாயங்காலம் வாசகசாலைக்குப் போவார். தமிழ்ப் பேப்பர், இங்கிலீஷ் பேப்பர் இரண்டிலும் டெல்லிச் செய்தியை ஒரு வரி விடாமல் படிப்பார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். "இன்னைக்கும் இல்ல." அவள் "சரி" என்பாள். குழம்பு சூடாக இருக்கிறதா என்று பார்ப்பாள். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு இப்படியே போயிற்று. தேர்தல் வந்தது, தெருவே கூடி ஓட்டுப் போட்டது. இவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்து ஆயா இசக்கித்தாய்க்கு வாய் சும்மா இருக்காது. ஆடித்தபசுக்குக் கொடியேறி, ஊரே கோயிலைச் சுற்றி நூற்றெட்டுச் சுற்று வந்துகொண்டிருந்த ஒரு நாள், தண்ணீர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன் டீச்சர், நம்ம கோமதியம்மாளே தவம் நின்னு பன்னெண்டாம் நாள் சாமி காட்சியை வாங்கிட்டு எறங்கிருதா. நீங்க என்ன, வருசக்கணக்கா ஒத்தக் கால்ல நிக்கிய?"

"டெல்லியில நடை திறக்கலையே, என்ன செய்ய."

"நல்லாச் சொன்னிய போங்க!" இசக்கித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தான் சிரிக்கவில்லை என்பது செண்பகவல்லிக்குச் சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது.

ஐம்பத்தைந்து ஆகஸ்டில் ஒரு நாள் வைத்தியலிங்கம் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"ஏட்டி செண்பகம்! வந்துட்டு மக்கா, மசோதா வந்துட்டு!"

அக்டோபர் பதினெட்டில் அவளுக்கு முப்பது நிறைகிறது. இரண்டு மாதமும் சில நாளும் இருந்தன. மறுநாள் காலையில் அப்பாவே தாலுகா ஆபீசுக்குப் போய் நின்றார்.

"அண்ணாச்சி, வடம் பிடிச்சாச்சு, வாஸ்தவம்" என்றார் நெல்லைநாயகம். "தேர் நாலு வீதியும் சுத்தி நிலைக்கு வரணும்லா? கூட்டுக்குழுன்னு ஒண்ணுக்கு அனுப்பியிருக்காவ. அவுக பார்த்து, திருத்தி, திரும்ப சபைக்கு வரணும். இந்தச் சபை, பொறவு அந்தச் சபை. பொறவு ஜனாதிபதி கையெழுத்து."

"ரெண்டு மாசத்துல முடிஞ்சிருமா?"

"ஒரு முக்குல சக்கரத்துக்குக் கட்டை குடுக்க ஆளில்லன்னா அன்னைக்கு அங்கனயே நின்னுரும். ஒமக்குத் தெரியாததா?"

செப்டம்பர் முழுக்க வைத்தியலிங்கம் பேப்பர் வரும் பஸ்ஸுக்கே போய் நின்றார். கூட்டுக்குழு கூடியது என்று ஒரு நாள். அப்புறம் ஒன்றுமில்லை. அக்டோபர் பதினெட்டு அன்று செண்பகவல்லி பத்தாம் வாய்ப்பாடு நடத்தினாள். ஒரு பிள்ளை பத்தெட்டு எண்பது என்பதற்குப் பதில் எழுபது என்றாள். அவள் திருத்தவில்லை, வகுப்பே எழுபது என்று எழுதிக்கொண்டது. மறுநாள்தான் கவனித்து அழிக்கச் சொன்னாள். பதினெட்டாம் தேதி சாயங்காலம் அப்பா வாசகசாலைக்குப் போகவில்லை.

டிசம்பரில் இரண்டு சபையிலும் நிறைவேறியது. வருஷம் முடிய ஒரு நாள் இருக்கும்போது ஜனாதிபதி கையெழுத்தும் ஆயிற்று. செய்தியைச் சொன்னவள் இசக்கித்தாய், தபால்காரரிடம் கேட்டு வந்து. செண்பகவல்லி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அந்தத் தாள்கட்டு முழுவதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

சட்டம் வந்ததே தவிர, எப்படிப் பதிவது என்ற விதி வரவில்லை. அது அடுத்த ஜூலையில் வந்தது. விதி வந்தும் அச்சடித்த விண்ணப்பப் பாரம் சங்கரன்கோவிலுக்கு வர இன்னொரு மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை நெல்லைநாயகம் ஆள் அனுப்பினார். தாசில்தார் நாலு மணிக்கு வெளியூர் முகாமுக்குக் கிளம்புகிறார், மூன்றரைக்குள் வந்து அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

செவ்வாய் மூன்று முதல் நாலரை ராகு காலம். வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த குடையை எடுத்து, "வெயிலு அடிக்கி, வா மக்கா" என்று முன்னால் நடந்தார். வழி முழுக்கக் குடையை அவளுக்கே பிடித்தார். அவர் தலை வெயிலில் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள்.

பதிவுச் சான்று கார்த்திகையில் வந்தது. அதை இணைத்து நிரந்தரத்துக்கு எழுதிய மனுவுக்கு மூன்று வரியில் பதில். மனுதாரர் குடிமகள் என்பது ஏற்கப்படுகிறது. வயது வரம்பு கடந்துவிட்டது. வயது விலக்குக்குச் சென்னைக்கு எழுதப்பட்டுள்ளது, உத்தரவு வரும்வரை தற்காலிகமாகத் தொடரலாம்.

பிச்சம்மாள் டீச்சர் அதைப் படிக்குமுன் மைப்பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். படித்துவிட்டு மூடினார்.

"சென்னையில இருந்து எப்ப வருமோ" என்றார்.

"வரும் டீச்சர்."

"அடுத்த ஜூன்ல வந்துருவியல்லா?"

"வந்துருதேன்."

சாயங்காலம் வீட்டில் அந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்து மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். சென்னைச் செய்தி பேப்பரில் எந்தப் பக்கத்தில் வரும் என்று கேட்டார்.

"மூணாம் பக்கம்பா" என்றாள்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.