எதற்கென்று தெரியாத வரிசை

போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலம். காய்ச்சலில் கிடந்த மகளை வீட்டில் தனியே விட்டு, மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில், நீர்வேலியில் ஒரு கடை வாசலில் நீண்ட வரிசையைக் கண்டதும் நானும் போய் நின்றேன்.

“என்னக்கா குடுக்கினம்?”

“ஆருக்குத் தெரியும்? சனம் நிக்குது, நானும் நிக்கிறன்,” என்று முன்னால் நின்றவர் சிரித்தார்.

அப்போது குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டது. ஒருவரும் நகரவில்லை. அதனால் நானும் நகரவில்லை. “பிள்ளை தனிய...” என்று மட்டும் என் வாய் முணுமுணுத்தது.

அவர் திரும்பினார். “பிள்ளையைத் தனிய விட்டிட்டோ நிக்கிறீர்? ஓடும்! உம்மடை பங்கை நான் வாங்கி வைக்கிறன்.”

ஓடினேன். வீட்டு முற்றத்துப் பதுங்குகுழிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

“எங்கையம்மா நிண்டனீங்கள்?”

“கடை வரிசையிலை.”

“என்ன வாங்க?”

மருந்தை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். இன்றும் கூட்டத்தைக் கண்டால் கால்கள் தாமாகவே அதன் பக்கம் திரும்புகின்றன. மகள் கேட்ட அந்த “என்ன வாங்க?”தான் என்னை நிறுத்துகிறது.